அந்தரத்தில் அமர்ந்தவருக்கு நாம் இழைக்கும் அநீதி

‘யோக சக்தியால் அந்தரத்தில் மிதந்தவர்கள் நம் மண்ணில் இருந்தார்கள். வெள்ளைக்காரனே நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறான். போட்டோகூட இருக்கிறது.’ மயிலாப்பூரில் சொற்பொழிவு கேட்டுக் கலையும் கூட்டத்திலும், தி. நகர் வீட்டுக் கூடத்திலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அண்மைக்காலமாக அதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது: ‘மீக்கடத்தியின் மேல் காந்தம் மிதக்கிறது, ஜப்பானில் ரயிலே மிதக்கிறது. விஞ்ஞானம் இன்று கண்டுபிடித்ததை நம் முன்னோர் அன்றே செய்துகாட்டினார்கள்.’ இதைச் சொல்பவர்களில் பலர் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்.

இந்தக் கருத்தை நான் முழுவதுமாக மறுக்கிறேன். வரலாற்றுப்படி அது தவறு. இயற்பியல்படியும் தவறு. இந்த இரண்டையும்விட என்னை வருத்துவது வேறொன்று. இந்தச் சென்னை நகரில் வித்தை காட்டிய ஒரு மாபெரும் கலைஞரின் மூளையையும் கைத்திறனையும் இந்தக் கருத்து அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

முதலில் வரலாறு. 1820களின் இறுதியில் மதராஸில் ஒரு முதிய பிராமணர் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் ஒரு வித்தை செய்து காட்டினார். ஆங்கிலப் பதிவுகள் அவர் பெயரை ‘ஷேஷால்’ என்று எழுதுகின்றன. 1832இல் லண்டனில் வெளிவந்த ‘சாட்டர்டே மேகஸின்’ அவரைப் பற்றிப் படத்துடன் எழுதியது. அவர் ஒரு சிறு பையோடு வருவார். அதிலிருந்து பலகையை எடுத்து நான்கு கால்களைச் செருகி ஒரு மணை போல நிறுத்துவார். பலகையின் மேல் ஒரு பித்தளைக் குழியில் உள்ளீடற்ற மூங்கிலைச் செங்குத்தாக நடுவார். மூங்கிலின் தலையில் ஊன்றுகோலின் கைப்பிடி போன்ற ஒரு கட்டையைப் பொருத்தி அதைத் தோலால் மூடுவார். வீட்டு வேலைக்காரர்கள் அவருக்கு முன்னால் ஒரு கம்பளியைப் பிடிப்பார்கள். கம்பளி விலகும்போது அவர் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். ஒரு கையின் ஓரம் மட்டும் அந்தக் கட்டையைத் தொட்டிருக்கும். அந்தக் கையின் விரல்கள் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருக்கும். மதராஸ் ஆளுநர் முன்னிலையில் 40 நிமிடம் அப்படியே இருந்தார் என்று பதிவு சொல்கிறது. மீண்டும் கம்பளி உயரும். விலகும்போது அவர் தரையில் நிற்பார். எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார்.

‘வெள்ளைக்காரன் எழுதி வைத்திருக்கிறான்’ என்று இந்தப் பதிவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சி என்ன சொல்கிறது என்று முழுதாகக் கேட்க வேண்டாமா? யோக சக்தியால் எழும்பியவர் என்றால் எழும்பும் நேரத்தில் மட்டும் கம்பளி எதற்கு? அமர்ந்திருக்கும் நாற்பது நிமிடத்தை எல்லாரும் பார்க்கலாம், ஏறும் அரை நிமிடத்தையும் இறங்கும் அரை நிமிடத்தையும் ஒருவரும் பார்க்கக் கூடாது என்றால், மறைக்க வேண்டியது அந்த அரை நிமிடங்களில்தான் இருக்கிறது. மூங்கில் ஏன் உள்ளீடற்றதாக இருக்க வேண்டும்? அதை நட ஏன் உலோகக் குழி? கட்டைக்கு ஏன் தோலுறை? எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றில் அமரக்கூடியவரின் கை ஏன் அந்த ஒரே இடத்தைத் தொட்டபடியே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடை போதும். மூங்கிலுக்குள் ஓர் இரும்புத் தண்டு. அது பித்தளைக் குழி வழியாகப் பலகையில் இறுகப் பொருந்துகிறது. மேலே அந்தக் கட்டைக்குள் திரும்பி, தோலுக்கும் உடைக்கும் அடியில் உடலோடு ஒட்டி இறங்கி, இடுப்பைத் தாங்கும் ஒரு வளையத்திலோ இருக்கையிலோ முடிகிறது. உடலின் எடை முழுவதும் அந்தத் தண்டின் வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. ஷேஷாலின் கருவியை யாரும் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த மேடை வித்தைக்காரர்கள் இதே அமைப்பைச் செய்து இதே காட்சியை நிகழ்த்தினார்கள். பாரிஸில் ராபர்ட் ஹூடன் 1847இல் தன் சிறு மகனை ஒற்றைக் கோலின் மேல் முழங்கை ஊன்றிப் படுத்தவாக்கில் மிதக்கவிட்டார். ஈதர் மயக்க மருந்து புதிதாகப் பேசப்பட்ட காலம் அது. மருந்தின் சக்தியால் பையன் எடையிழந்தான் என்று கதை கட்டினார். மதராஸில் யோகம், பாரிஸில் ஈதர். கதை மாறியது, இரும்பு மாறவில்லை. இன்று ஐரோப்பிய நகர வீதிகளில் காவி உடுத்திக் கோலைப் பிடித்து ‘மிதக்கும்’ தெருக் கலைஞர்கள் அனைவரும் அதே வழியில் வந்தவர்கள்தான்.

அந்த இரும்பு தாங்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மெலிந்த முதியவரின் எடையை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் உடலின் மையம் மூங்கிலிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கட்டும். தண்டை வளைக்க முயலும் திருப்புவிசை ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டர். இரண்டரை செ.மீ. விட்டமுள்ள உருக்குத் தண்டு இதை வளையாமல் தாங்கும். அந்தத் தடிமனை மறைக்க ஒரு நல்ல மூங்கில் போதும். உருக்குக்குத் தென்னிந்தியாவில் பஞ்சமும் இருக்கவில்லை. நம் பக்கத்து உருக்கின் பெருமையைக் கேட்டு மைக்கேல் ஃபாரடே 1819இல் அதை ஆராய்ந்திருக்கிறார். கடினமான வேலை இணைப்புகளில் இருக்கிறது. பையிலிருந்து எடுத்து, பார்வையாளர் கண்ணெதிரே பூட்டி, கம்பளிக்குப் பின்னால் சில நொடிகளில் ஏறி உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல் நாற்பது நிமிடம் இருந்து, மீண்டும் சில நொடிகளில் இறங்கி, எதுவும் தெரியாதபடி பிரித்துப் பையில் போட வேண்டும்.

இதில் மிகப் பெரிய சாமர்த்தியம் இரும்பில் இல்லை, வேடத்தில் இருக்கிறது. துறவிகள் ஜபம் செய்யும்போது கையைத் தாங்கிக்கொள்ள யோக தண்டம் வைத்திருப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. அமர்வதற்குத் தோல், உருட்டுவதற்கு மாலை, ஊன்றுவதற்குத் தண்டம். ஒரு சந்நியாசியிடம் இவை இருந்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தன் இயந்திரத்துக்குத் தேவையான ஒவ்வொரு உறுப்பையும், யாரும் சந்தேகிக்க முடியாத ஒரு பொருளுக்குள் ஷேஷால் ஒளித்துவைத்தார். எடையைத் தாங்கும் கையையே ஜபம் செய்யும் கையாக்கினார். இதை யோசித்தவர் சாதாரண மனிதரா? அவரைப் பார்த்து, ‘நீர் ஒன்றும் செய்யவில்லை, மூச்சை அடக்கியதும் தானாக மேலே போய்விட்டீர்’ என்று சொல்வது பாராட்டா?

சரி, போட்டோ? அது 1936 ஜூனில் லண்டனின் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வெளியிட்ட படங்கள். தென்னிந்தியத் தோட்டம் ஒன்றில் சுப்பையா புலவர் என்பவர் தரைக்கு மேலே படுத்தவாக்கில் மிதப்பதை பிளங்கெட் என்ற தோட்டத்துரை பதிவு செய்திருந்தார். கட்டுரையை எழுதியவர் உண்மையாகவே நம்பினார், பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தைப் பாருங்கள். சுப்பையா புலவரின் ஒரு கை, துணி சுற்றிய ஒரு கோலின் மேல் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கூடாரம் அவரை மறைத்தது. முடிவிலும் மறைத்தது. கம்பளி கூடாரமாயிற்று, தோல் துணியாயிற்று. ஒரு நூற்றாண்டு கடந்த பிறகும் கை மட்டும் கோலை விடவில்லை. கேமரா பொய் சொல்லாது என்பது மெய். கோலுக்குள் இருப்பதை அது சொல்லாது என்பதும் மெய்.

இனி இயற்பியல். ‘இரும்பு இல்லை, காந்தம்தான்’ என்பவர்கள் சோமநாதபுரத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்தக் கோயிலின் சிலை மேலும் கீழும் தாங்கலின்றி நடுவில் நின்றது, விதானத்தில் இருந்த காந்தக்கல் இழுத்ததால் நின்றது என்று 13ஆம் நூற்றாண்டில் அல் கஸ்வீனி என்ற பாரசீக அறிஞர் எழுதி வைத்தார். அவர் எழுதியது கஜினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. கதை அழகானது, நடக்க முடியாதது. சாமுவேல் எர்ன்ஷா 1842இல் நிறுவிய தேற்றம் இதைத் தெளிவாக்குகிறது. நிலைக்காந்தங்களையும் இரும்பையும் எப்படி அடுக்கினாலும், அவற்றைக்கொண்டு ஒரு பொருளை நிலையாக மிதக்கவிட முடியாது. மேலே இருக்கும் காந்தத்துக்கு மயிரிழை நெருங்கினால் இழுவிசை கூடி ஒட்டிக்கொள்ளும். மயிரிழை விலகினால் விசை குறைந்து விழும். ஊசிமுனையில் நிறுத்திய பென்சிலின் கதிதான். காந்தக்கல் எத்தனை பெரியதானாலும் இந்த விதி தளராது.

இதிலிருந்து தப்பும் வழிகள் சில உண்டு. ஒன்று, இடைவிடாமல் கண்காணித்துத் திருத்துவது. மேசை மேல் சுழலும் மிதக்கும் உலகப் பந்துக்குள் இருப்பது ஓர் உணரியும் மின்காந்தமும். பந்து விலகும் ஒவ்வொரு கணமும் மின்னோட்டம் மாறுகிறது. ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கிப் பள்ளி மாணவனே இதைச் செய்துவிடலாம். ஷாங்காயில் மணிக்கு 431 கி.மீ. வேகம் தொட்ட ரயில் இதே தத்துவத்தில்தான் மிதக்கிறது. இன்னொரு வழி டயா காந்தப் பொருள்கள். இவை காந்தப்புலத்தை விட்டு விலகும் இயல்புடையவை. தண்ணீரும் அப்படிப்பட்டது, ஆகவே நம் உடம்பும். 1997இல் நெதர்லாந்தின் நைமேகனில் ஆண்ட்ரே கைமும் சக ஆய்வாளர்களும் ஓர் உயிருள்ள தவளையை மிதக்கவிட்டார்கள். அதற்குத் தேவைப்பட்ட காந்தப்புலம் 16 டெஸ்லா. சில செ.மீ. அகலமே உள்ள துளைக்குள் அந்தப் புலத்தை உண்டாக்க மெகாவாட் கணக்கில் மின்சாரம் செலவானது. நம் ஸ்கேன் சென்டர்களில் உள்ள எம்.ஆர்.ஐ. காந்தம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். அந்த அறைக்குள் போகும்போதே சாவி, கடிகாரம், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். இரும்பு சிலிண்டரை உள்ளே கொண்டுபோனால் அது பறந்து வந்து ஆளைக் கொல்லும். ஒரு மனிதரைத் தூக்கும் காந்தம் மதராஸ் பங்களாவில் இருந்திருந்தால், அந்தக் கூடத்தில் இருந்த கத்தி, சாவி, பூட்டு எல்லாம் பறந்திருக்கும். பதிவில் அப்படி ஒன்றும் இல்லை.

மூன்றாவது வழிதான் மீக்கடத்தி. 1911இல் ஹாலந்தின் லெய்டனில் காமர்லிங் ஆனஸ், பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறைவதைக் கண்டார். 1933இல் ஜெர்மனியில் மைஸ்னரும் ஆக்சன்ஃபெல்டும், மீக்கடத்தி தன்னுள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது என்று கண்டறிந்தார்கள். அதனால்தான் அதன் மேல் வைத்த காந்தம் மிதக்கிறது. 1987இல் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் கலந்த ஒரு பீங்கான் மைனஸ் 180 டிகிரியிலேயே மீக்கடத்தியாவது தெரிந்தது. அன்று முதல் ஒரு தெர்மாகோல் கிண்ணமும் திரவ நைட்ரஜனும் இருந்தால் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இந்த அதிசயத்தைக் காட்ட முடிகிறது. குறைகள் உள்ள பீங்கானில் காந்தக் கோடுகள் சிக்கிக்கொள்வதால், மிதக்கும் காந்தம் வைத்த இடத்தில் வைத்த கோணத்தில் பூட்டியது போல நிற்கிறது. தலைகீழாகத் திருப்பினாலும் விழாமல் தொங்குகிறது.

இனி யோசியுங்கள். ஷேஷால் அமர்ந்த 1820களில் உலகில் எந்த மனிதனும் நைட்ரஜனைத் திரவமாக்கியதில்லை. அது முதன்முதலில் நடந்தது 1883இல், போலந்தின் கிராக்கோவில். ஹீலியத்தைத் திரவமாக்கியது 1908இல். மார்கழி விடியலிலும் 20 டிகிரியையொட்டியே நிற்கும் சென்னையில், மைனஸ் 180 டிகிரி எங்கிருந்து வரும்? அந்தக் குளிரில் மனித உடம்பு என்ன ஆகும்? யோகியின் உடம்பு மீக்கடத்தி ஆயிற்று என்பவர்கள், தாங்கள் பெருமையோடு உச்சரிக்கும் அந்தச் சொல்லின் பொருளையே மறுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சந்தேகிக்கச் சொல்கிறேனா? இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். 2023 ஜூலையில் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர் எல்.கே. 99 என்ற பொருளைச் செய்து, அறை வெப்பத்திலேயே மீக்கடத்துகிறது என்றார்கள். கரிய துணுக்கு ஒன்று காந்தத்தின் மேல் எழும்பி நிற்கும் காணொளி உலகைச் சுற்றியது. அந்தத் துணுக்கின் ஒரு முனை காந்தத்தைத் தொட்டபடியே இருந்தது. ஷேஷாலின் கை தொட்ட மாதிரியே. கொரியர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. காட்சி அவர்களையும் மயக்கியிருக்கலாம். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அந்தப் பொருளைச் செய்து பார்த்தார்கள். மீக்கடத்தல் இல்லை. மாசாகக் கலந்திருந்த தாமிர சல்ஃபைடும் சாதாரணக் காந்தத்தன்மையும் அந்தத் தோற்றங்களை விளக்கிவிட்டன. சில வாரங்களில் கதை முடிந்தது. ஒரு கூற்றை உலகமே எடுத்துச் சோதிக்க முடிவதும், தேறாவிட்டால் ஒதுக்கிவிடுவதும்தான் விஞ்ஞானம். உண்மையான மீக்கடத்திக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு காகிதத்தை விட்டு இழுக்கலாம், எங்கும் தட்டாது. யார் செய்தாலும், எங்கே செய்தாலும், கம்பளி பிடிக்காமலே நடக்கும்.

பெருமை வேண்டுமென்றால் மெய்யான பெருமை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உயர்வெப்ப மீக்கடத்தியின் மர்மத்தை விளக்க 1987இல் இயற்பியலாளர் பி.டபிள்யூ. ஆண்டர்சனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிய ஜி. பாஸ்கரன், பின்னர் நெடுங்காலம் பணியாற்றியது தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மூளையின் மெல்லிய காந்தப்புலத்தை அளக்கும் மீக்கடத்திக் கருவிகளைச் செய்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில், காற்றகற்றிய குழாயில் வண்டியை மிதக்கவிட்டு ஓட்டும் முயற்சியான ஹைப்பர்லூப்புக்கு 422 மீட்டர் நீளச் சோதனைத் தடம் 2024 டிசம்பரில் முடிந்தது. இவற்றைப் பற்றிப் பேசாத வாய்கள் பறக்கும் யோகியைப் பற்றிப் பேசுவது எனக்கு வேதனை.

‘சித்தர் நூல்களில் உடலை இலேசாக்கும் இலகிமா என்று இருக்கிறதே, அதைப் பொய் என்கிறாயா?’ என்று கேட்பவர்களுக்கு: அட்டமா சித்திகளைச் சொன்ன மரபே அவற்றைப் பெரிதாக மதித்ததில்லை. பதஞ்சலி சித்திகளைச் சமாதிக்கு இடையூறு என்றார். தாயுமானவர் நீரில் நடப்பது, நெருப்பில் இருப்பது என்று பெரிய பெரிய வித்தைகளை அடுக்கிவிட்டு, அவையெல்லாம் எளிது, மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதே அரிது என்று முடித்தார். பக்திக்குக் காந்தத்தின் சாட்சி தேவையில்லை என்பதை அந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963 முதல், ஏமாற்று இல்லாத சூழலில் யோக சக்தியால் மிதந்து காட்டுவது உட்பட ஏதாவது ஓர் அற்புதத்தைச் செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

‘நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?’ என்பது இன்னொரு வாதம். அடையாற்றைக் கேட்டால் தெரியும். 1884இல் அங்கிருந்த பிரம்மஞான சபையின் தலைமையகத்தில், மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாக வந்து விழுவதாகச் சொல்லப்பட்ட அலமாரியில் ரகசியப் பலகை இருந்தது என்று அங்கே வேலை பார்த்த கூலம் தம்பதி குற்றம் சாட்டினார்கள். அவர்கள் சான்றாகத் தந்த கடிதங்களை மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. லண்டனிலிருந்து விசாரிக்க வந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சனின் 1885 அறிக்கை அந்த அற்புதங்கள் மோசடி என்றது. நூறு ஆண்டு கழித்து, 1986இல், ஹாட்ஜ்சனின் விசாரணை முறையையே வெர்னான் ஹாரிசன் கடுமையாகக் குறை சொன்னார். சபை செய்த கல்விப் பணியும் நூல் சேகரிப்பும் வேறு, அவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அற்புதத்தின் மேல் கட்டிய நம்பிக்கை ஒரு நிறுவனத்தை எத்தனை தலைமுறைக்கு வழக்காடு மன்றத்தில் நிறுத்துகிறது என்று பாருங்கள். வித்தையை வித்தை என்று காட்டும் கலைஞருக்கு இந்த ஆபத்து வராது.

‘ரகசியத்தை உடைப்பது கலைஞரின் வயிற்றில் அடிப்பது’ என்று மனிதாபிமானத்தோடு கேட்பவர்களும் உண்டு. அந்தக் கவலையை மதிக்கிறேன். ஷேஷாலின் வித்தை விளக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்றும் அதைப் பார்க்க வீதியில் கூட்டம் கூடுகிறது. கலைஞரின் வயிற்றில் அடிப்பது வேறு விஷயம். மதராஸ் பக்கத்திலிருந்து கப்பலேறி லண்டனை வியக்கவைத்த வித்தைக்காரர் ராமோ சாமி 1850இல் இறந்தபோது, அடக்கச் செலவுக்கு உதவி கேட்டு அவர் மனைவி பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க நேர்ந்தது. வித்தையைத் தெய்வ சக்தி என்று கும்பிட்டுவிட்டு, வித்தைக்காரரைக் கலைஞர் என்று எண்ணாத சமூகத்தில்தான் இப்படி நடக்கும். யோகிக்குக் கூலி தர வேண்டாம், கும்பிட்டால் போதும். கலைஞருக்குக் கூலியும் பெயரும் தர வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஷேஷால் மிதக்கவில்லை, மிதப்பதுபோல் ஆளுநரையே நாற்பது நிமிடம் நம்பவைத்தார். உலக மேடை வித்தையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று மதராஸில் அவர் கையால் அரங்கேறியது. கோட்டூர்புரத்து அறிவியல் மையத்தில் ஒரு மேசையில் திரவ நைட்ரஜனில் நனைத்த மீக்கடத்தியும், அடுத்த மேசையில் மூங்கிலும் இரும்புத் தண்டும் வைத்துப் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்ட வேண்டும். இரண்டாவது மேசையில் அவர் பெயரை எழுதி வைக்க வேண்டும். அதுவரை, அந்தரத்தில் யாரோ அமர்ந்திருக்கும் படம் உங்கள் கைபேசிக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் அவர் கை எதைத் தொடுகிறது என்று மட்டும் பாருங்கள்.